புதுவையில் ஒரு கற்காரை இல்லம்

புதுவையின் பழங்கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் பிரெஞ்சு மாளிகைகளையும் தமிழர் தெருக்களின் திண்ணை வீடுகளையுமே குறிப்பிடுவர். அவ்விரண்டிலும் சேராத குடியிருப்பொன்று அந்நகரில் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியே அது. அன்பர்கள் தங்குவதற்கென எழுப்பப்பட்ட எளிய அறைகளின் தொகுப்பாயினும், இந்தியாவின் தொடக்ககால நவீனக் கற்காரைக் கட்டடங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரியின் வழியே வந்த நன்கொடையால் இவ்விடுதி உருவாயிற்று. கோல்கொண்டா என்னும் பெயரும் அத்தொடர்பால் அமைந்ததே. வடிவமைத்தவர், தோக்கியோவில் அலுவலகம் நடத்திய அன்டோனின் ரேமண்ட். அவர் சார்பில் ஜார்ஜ் நகாஷிமா 1937-இல் புதுவை வந்தார். உடன் பணியாற்றிய பிரான்டிசேக் சாமர், பாரிசில் லெ கார்புசியேயிடம் பணிபுரிந்து, பின்னர் சோவியத் மாஸ்கோவிலும் தொழில் செய்தவர். குறைந்த இடத்தில் பலருக்கும் நிறைவான உறையுள் அமைப்பது எவ்வாறு என்பதே அன்றைய மாஸ்கோவின் பெருங்கேள்வி. 1930-ஐ ஒட்டி அங்கெழுந்த நார்கோம்ஃபின் குடியிருப்பு அதற்கொரு விடை. வெயில் நாடாகிய புதுவையிலோ, அக்கேள்விக்குக் காற்றையும் நிழலையும் கொண்டே விடை காண வேண்டியிருந்தது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. அறைகள் தென்புறம், நடைவழி வடபுறம். கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. அவற்றின் இடத்தில், வேண்டியவாறு திருப்பத்தக்க கல்நார்ச் சிமெண்டுப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலும் மழையும் தடுக்கப்படும்; காற்று தடைப்படாது. அறைக்கும் நடைவழிக்கும் இடையிலுள்ள தேக்குக் கதவுகள் மூடியபோதும், பட்டிகளின் இடைவெளியூடே காற்று செல்லும். தளத்தின்மேல் வளைந்த கற்காரை ஓடுகள் பரப்பப்பட்டிருப்பதால், இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தணிக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பணி மெல்ல நகர்ந்து, 1945-இல் நிறைவெய்தியது. லெ கார்புசியே சண்டிகர்ப் பணிக்கு இந்தியா வந்தது 1951-இல்தான்.

சிமெண்டு வீடு கொதிக்கும் என்பது நம் அபிஷேகப்பாக்கம் போன்ற ஊர்களிலும் பழகிப்போன பேச்சு. ஓட்டு வீடுகளை இடித்துக் கட்டும்போது முற்றமும் தாழ்வாரமும் மறைகின்றன. பின்னர்க் குளிரூட்டியை நாடுகிறோம். கோல்கொண்டாவும் கற்காரையால் ஆனதே. ஆனால் திசையறிந்து, காற்றின் வழியறிந்து கட்டப்பட்டது. இன்றளவும் அது காட்சிப்பொருளாகாமல், நாள்தோறும் துடைத்துப் பேணப்படும் விடுதியாகவே இயங்கிவருகிறது. புதுமனைக்கு வரைபடம் போடும் அன்பர்கள், தென்றல் எத்திசையில் நுழைந்து எவ்வழியே வெளியேறும் என்பதை முதலில் குறித்துக்கொள்வார்களாக.