கொறுக்கைத் தட்டையின் ஆயுள்

காரைக்குடி என்ற பெயரை இசையுலகம் இரண்டு வாத்தியங்களோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று வீணை: சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் என்ற காரைக்குடி சகோதரர்களின் வழி வந்தது. மற்றொன்று மிருதங்கம்: காரைக்குடி மணி (1945–2023) அதற்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்தவர். பக்கத்துக் குன்றக்குடியை வயலினோடு சேர்த்துச் சொல்ல வைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008). ஆனால் செட்டிநாட்டு மண்ணில் நூறாண்டுகளாக அதிகமான காதுகளில் விழுந்த வாத்தியம் இவற்றில் எதுவும் இல்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண வளவிலும் ஒலித்த நாதஸ்வரமே அது. வீணைக் கச்சேரிக்கு அழைப்பு வேண்டியிருந்தது. நாதஸ்வரத்துக்குத் தெருவில் நின்றாலே போதும்.

அந்த நாதஸ்வரத்தை வாசித்தவர்களின் பெயர்களில் சிலவேனும் நமக்குக் கிடைக்கின்றன. கருவியைக் கடைந்தவர்களின் பெயர்கள் அரிதாகக் கிடைக்கின்றன. ஒலி பிறக்கும் இடமான சீவாளியைப் பற்றியோ நமது இசை வரலாறு ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. அழிந்துபோகும் பொருளுக்கு வரலாறு எழுதுவது கடினம் என்பது உண்மைதான். ஒரு நாதஸ்வரம் தலைமுறை தாண்டி வாழும். ஒரு சீவாளி சில வாரங்களில் முடிந்துவிடும். என்றாலும் கலைஞனின் அன்றாட உழைப்பில் பெரும் பகுதி இந்தச் சிறு பொருளைத் தேர்வதிலும் பழக்குவதிலும் மாற்றி மாற்றிக் காப்பதிலுமே கழிந்திருக்கிறது. அந்த உழைப்பின் வரலாற்றைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீவாளி நாணல் இனத்தைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையால் ஆனது. காவிரிக் கரைகளில் வளரும் இத்தட்டையை அறுத்துக் காயவைத்து, பதம் வந்தபின் அளவாக நறுக்கி, அவித்து, தட்டையாக அழுத்தி, அடிப்பகுதியை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். கட்டிய சீவாளி கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் பொருத்தப்பட்டு, கெண்டை உலவு எனப்படும் நீண்ட மரக்குழலில் செருகப்படும். உலவின் அடியில் விரிந்திருப்பது அணசு. உலவைக் கடையும் ஊர்களில் நரசிங்கம்பேட்டை முதன்மையானது. அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தையே பயன்படுத்துகிறார்கள். அதுவும் பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய மரத்தையே தேடிப் போகிறார்கள்.

ஆக, நாதஸ்வரம் என்பது இரண்டு வயதுகள் கூடிய ஒரு கருவி. உடல் முதிர்ந்த மரம். வாய் இளம் புல். மரத்துக்கு முதுமை பலம். புல்லுக்கோ இளமையும் பலவீனம், முதுமையும் பலவீனம். இரண்டுக்கும் நடுவில் சில நாட்களே அதற்கு நல்ல காலம். அந்த நல்ல காலத்தை நீட்டிப்பதுதான் வாசிப்பவரின் கலை.

புதிய சீவாளி எடுத்தவுடன் பேசாது. நார்கள் விறைப்பாக இருக்கும். மூச்சு அதிகம் கேட்கும். மேல் ஸ்தாயியில் கூவும், கீழ் ஸ்தாயியில் அடைக்கும். எச்சிலில் ஊறும்போது தட்டையின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, காயும்போது சுருங்குகின்றன. முதல் நாளிலேயே முழு ஈரத்தில் நெடுநேரம் வாசித்தால் நார்கள் ஒரே வீச்சில் தளர்ந்துவிடும். ஆகவே முதலில் சிறிது நேரம் ஊதி எடுத்து வைப்பார்கள். மறுநாள் இன்னும் சற்று நேரம். இப்படிப் படிப்படியாக ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் பட்டுத் தட்டை ஒரு நிலைக்கு வருகிறது. மாட்டைப் பழக்குவது, குதிரையைப் பழக்குவது என்கிறோமே, அதே பொருளில்தான் சீவாளியையும் பழக்க வேண்டியிருக்கிறது.

பழகிய சீவாளியையும் தொடர்ந்து வாசிக்கலாகாது. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று உழைக்க வேண்டும். நாதஸ்வரத்தைப் படத்திலேனும் பார்த்தவர்கள் அதன் மேற்பகுதியில் நூலில் கோத்துத் தொங்கும் சிறு கொத்தைக் கவனித்திருக்கக்கூடும். பலர் அதை அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். அலங்காரம் அன்று, அது ஓய்வறை. மாற்றுச் சீவாளிகளும், அவற்றின் வாயைத் திருத்தவும் அடைப்பை நீக்கவும் உதவும் ஊசியும் அதில் தொங்குகின்றன. வாசிக்கும்போதே ஒன்று சோர்ந்தால், தவில்காரர் தனி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கை தானாக அந்தக் கொத்துக்குப் போகும். எது இன்று நன்றாக இருக்கிறது, எது நாளைக்கு ஆகும், எது பந்தலுக்கு, எது ஊர்வலத்துக்கு என்ற கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அது வாசிப்பவரின் உதட்டில் இருந்தது.

இந்தக் கணக்கு செட்டிநாட்டில் சற்றுக் கடினமாகிறது. சீவாளி பிறந்த காவிரிக் கரை ஈரமான நிலம். காரைக்குடியோ அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, ஆறு பாயாத, கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் வறண்ட செம்மண் பூமி. ஈரக் காற்றில் மெல்லக் காயும் தட்டை இங்கே விரைந்து காய்கிறது. வாய் விரிகிறது, ஓரம் பிளக்கிறது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து வாசிக்கும் ஒருவர் தம் ஊரில் பழக்கிய சீவாளியை இங்கே மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். காலையில் வளவின் நிழலில் ஒத்துழைத்த சீவாளி, உச்சி வெயிலில் தெருவில் வேறு சுருதி பேசும். அணசு வரை காற்றுச் சூடேறும்போது சுருதி உயர்வதும் இயற்பியல். இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க மாற்றுச் சீவாளிகளன்றி வேறு வழியில்லை.

இத்தனை சிரமத்துக்கும் ஈடுகொடுத்தது இந்த நாட்டின் ஆதரவு. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், மாத்தூர், இளையாற்றக்குடி முதலிய ஒன்பது நகரக் கோயில்களும், குன்றக்குடி முருகன் கோயிலும், காரைக்குடிக் கொப்புடையம்மன் கோயிலும் திருவிழாக்களால் நிறைந்தவை. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். இசைக் கல்லூரியும் அதன் பகுதியாயிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானதிலும் அவர் பங்கு தலையாயது. இவை ஆவணங்களில் உள்ளவை. இவற்றுக்கு இணையான, ஆனால் எழுதப்படாத ஆதரவு ஒன்று உண்டு. அது நேரம்.

முன்பு கல்யாணங்கள் பல நாட்கள் நடந்தன. சுவாமி புறப்பாடுகள் இரவு முழுதும் வீதிகளைச் சுற்றின. புறப்பாட்டின் தொடக்கத்தில் கம்பீர நாட்டையில் மல்லாரி. பிறகு வீதிக்கு வீதி ராக ஆலாபனை. அந்த நீண்ட இரவில் எல்லா நாழிகைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. மல்லாரிக்குப் பழகிய சீவாளி வேண்டும். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்குச் சிறந்த சீவாளி வேண்டும்; அங்கே ஒரு கணம் அடைத்துக்கொண்டாலும் அபசகுனம் என்பார்கள். ஆனால் ஆள் குறைந்த பின்னிரவில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஊர்வலம் நகரும் இடைவெளியில், புதிய சீவாளியைப் போட்டுப் பார்க்கலாம். கேட்பவர் குறைவு, நேரம் அதிகம். சடங்கின் நீளமே சீவாளிக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது என்று நாம் கருதுகிறோம். இன்று கல்யாணம் மண்டபத்தில் ஒரு மாலையும் ஒரு காலையுமாகச் சுருங்கிவிட்டது. கலைஞருக்கு எஞ்சியவை உச்சக் கட்டங்கள் மட்டுமே. தவறக்கூடாத நிமிடங்கள் மட்டுமே உள்ள ஒரு தொழிலில் புதியதைப் பழக்கும் இடம் எங்கே?

சீவாளிக்கும் வரலாறு உண்டு என்பதற்கு வலுவான சான்று கருவியின் மாற்றமே. முற்காலத்தில் வழங்கியது திமிரி நாயனம்: நீளம் குறைவு, சுருதி அதிகம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் துணையோடு நீண்ட பாரி நாயனத்தை நிலைபெறச் செய்தார். சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசவும், மேடையில் வாய்ப்பாட்டுக்கு நிகரான ஆழம் கிடைக்கவும் அது வழி செய்தது. நாம் பொதுவாக இக்கதையை உலவின் கதையாகவே சொல்கிறோம். ஆனால் குழல் நீண்டு சுருதி இறங்கும்போது அதற்கேற்ற அளவில் சீவாளியும் மாறியாக வேண்டும். பழைய அளவுச் சீவாளியைப் புதிய உலவில் வைத்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. எனவே பாரி நாயனத்தின் வெற்றியில், தட்டையை வேறு அளவில் நறுக்கிக் கட்டிய கைகளுக்கும் பங்கு உண்டு. ஆசாரியின் பெயராவது நமக்கு எஞ்சியது. சீவாளி கட்டியவர்களின் பெயர்களை வரலாறு வாங்கி வைக்கவில்லை.

ராஜரத்தினம் பிள்ளை தோடியை விரித்தபோது கேட்டவர்கள் மூச்சைப் பற்றிப் பேசினார்கள். விரலைப் பற்றிப் பேசினார்கள். நாதஸ்வரத்தில் கமகத்தின் பெரும் பகுதி உதட்டுக்கும் சீவாளிக்கும் இடையிலான அழுத்தத்தில்தான் உருவாகிறது. துளையைப் பாதி மூடுவது பாதி வேலை. மீதியைச் சீவாளி செய்கிறது. தளர்ந்த சீவாளியில் எத்தனை ஞானம் இருந்தாலும் காந்தாரம் அசையாது.

இதே இலக்கணத்தை இன்னொரு கண்டத்தில் பிறந்த ஒரு கருவியிலும் காண்கிறோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் சாக்ஸஃபோனுக்குக் காப்புரிமை பெற்றார். உலோக உடல் கொண்டதாயினும் அதன் வாயிலும் ஒரு நாணல் தகடுதான். ரீட் எனப்படும் அத்தகடு தென்பிரான்சின் வார் மாவட்டம் போன்ற இடங்களில் வளரும் பெருநாணலிலிருந்து வெட்டப்படுகிறது. அங்கும் அறுத்தபின் காயவைத்து முதிரவிடுகிறார்கள். நாதஸ்வரத்தின் சீவாளி இரட்டை இதழ். சாக்ஸஃபோன் ரீட் ஒற்றை இதழ். ஆனால் இரண்டு கருவிகளின் குழலும் கூம்பு வடிவம். இரண்டிலும் மூச்சை அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே தாவும். ஒற்றை இதழே உடைய கிளாரினெட் நேர்க்குழல் என்பதால் அப்படித் தாவாது. கிளாரினெட்டை நம் இசைக்குப் பழக்கிய ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சாக்ஸஃபோனைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர் மைசூர் அரண்மனை பேண்டில் இக்கருவியைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். 1994இல் லண்டனில் பி.பி.சி. ப்ராமெனேட் இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டு வெளியான ‘டூயட்’ திரைப்படத்தின் வழியே அவர் ஒலி தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை சாக்ஸஃபோனில் கமகம் தேடியது தற்செயல் அன்று. சீவாளியைக் கேட்டு வளர்ந்த காது அது. அவருக்குப் பின் தவிலோடு சாக்ஸஃபோன் கல்யாணப் பந்தல்களில் இடம்பிடித்தது. இன்று செட்டிநாட்டிலும் அது வியப்புக்குரிய காட்சி அல்ல. வயலினையும் தவிலையும் ஒரே மேடையில் இணைத்த குன்னக்குடியின் மண்ணுக்கு இந்தக் கலப்பு அந்நியமும் அல்ல.

சாக்ஸஃபோன் கலைஞரும் ரீடைப் பழக்குகிறார். முதல் நாட்களில் சில நிமிடங்கள் மட்டும் வாசித்து, ஈரம் துடைத்து, வளையாதபடி சமதளத்தில் காயவைக்கிறார். மூன்று நான்கு ரீடுகளுக்கு எண்ணிட்டு முறைவைத்து மாற்றுகிறார். நம் கலைஞர் நூலில் கோத்துத் தொங்கவிட்டதை அவர் சிறு பெட்டியில் அடுக்குகிறார். முறை ஒன்றே, பின்னணி வேறு. ரீட் தொழிற்சாலையில் வெட்டப்பட்டு, இரண்டு, இரண்டரை, மூன்று என்று விறைப்புக்கு எண் பெற்று, பெட்டியில் வருகிறது. அதே எண்ணை உலகில் எங்கும் கேட்டு வாங்கலாம். அந்த எண்ணும் முழு உண்மை சொல்வதில்லை என்பது வேறு. ஒரே பெட்டியில் இருக்கும் பத்தும் பத்து விதம். என்றாலும் ஒரு பொது மொழி உண்டு. சீவாளிக்கு அந்தப் பொது மொழி இல்லை. கட்டுபவருக்கு வாசிப்பவரின் உதடு தெரிய வேண்டும். வாசிப்பவருக்குக் கட்டுபவரின் கை தெரிய வேண்டும். ஒருவர் போனால் மற்றவருக்குப் பாதித் தொழில் போயிற்று.

செயற்கை இழைகளால் ஆன ரீடுகள் மேலை நாடுகளில் பரவலாகிவிட்டன. அவற்றைப் பழக்க வேண்டியதில்லை. வறட்சி அவற்றை வாட்டாது. சீவாளிக்கும் அத்தகைய மாற்று நன்கு அமையுமானால் அதை வரவேற்பதில் நமக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. வறண்ட ஊரில் வெயிலில் நின்று வாசிப்பவரின் சிரமத்தைத் தூர நின்று ரசிப்பது கலை உணர்வு ஆகாது. நின்றபடி, நடந்தபடி, வெறுங்காலோடு வாசித்தவர்களுக்கு மேடையில் அமரும் உரிமையே போராடிப் பெற்றதுதான் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆனால் மாற்று வருமுன் மறதி வந்துவிடக் கூடாது. எந்தப் பருவத்தில் அறுத்த தட்டை நல்லது, எத்தனை நாள் காய வேண்டும், வறண்ட ஊருக்குப் போகும்போது எத்தனை சீவாளி எடுத்துச் செல்வது, எந்த ராகத்துக்கு முன் எதை மாற்றுவது என்பவை கல்வெட்டில் இல்லை. கிருதிப் புத்தகத்திலும் இல்லை. அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாதஸ்வரக் கலைஞரைப் பேட்டி காண்கிறவர்கள் வழக்கமாகக் குருவையும் விருதையும் பிடித்த ராகத்தையும் கேட்கிறார்கள். அவரது நாயனத்தில் தொங்கும் கொத்தை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு சீவாளியின் கதையையும் கேட்டுப் பதிவு செய்தால், நமது இசை வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஓர் அத்தியாயம் கிடைக்கும். வீணையால் பெயர் பெற்ற காரைக்குடி, தன் வீதிகளில் நூறாண்டு கேட்ட ஒலிக்குச் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.