ஹமென்ஹீல் கோட்டை

ஹமென்ஹீல் கோட்டை என்பது, இலங்கையின் வடக்கே யாழ்ப்பாண மாவட்டத்தில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரிணையில், ஒரு சிறு தீவின்மேல் அமைந்துள்ள கடற்கோட்டை ஆகும். 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கீசரால் கட்டப்பட்ட இக்கோட்டை, 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வசமானது. 1795 ஆம் ஆண்டில் பிரித்தானியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது அவர்களிடம் சென்றது. அப்பகுதி மக்கள் இதனைக் கடற்கோட்டை என்றும், பூதத்தம்பி கோட்டை என்றும் அழைப்பர். நாற்புறமும் கடல் சூழ்ந்த இக்கோட்டை 1658 ஆம் ஆண்டு முற்றுகையில் வீழ்ந்ததற்கு முதன்மையான காரணம் உள்ளே குடிநீர் இல்லாமற் போனதே. பின்னர் இதில் செய்யப்பட்ட கட்டட மாற்றங்களை இந்த ஒரு நிகழ்வைக் கொண்டே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

அமைவிடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அதன் தென்மேற்கில் உள்ள தீவுகளுக்கும் இடைப்பட்ட கடனீரேரி மிகவும் ஆழம் குறைந்தது. சில இடங்களில் ஆள் இறங்கி நடக்கக்கூடிய அளவுக்கே நீர் உண்டு. பாக்கு நீரிணையில் இருந்து வடமேற்கு வழியாக யாழ்ப்பாணத்தை நோக்கி வரும் கலங்கள், வேலணைத் தீவின் வடமுனையில் உள்ள ஊர்காவற்றுறைக்கும் அதன் எதிரே உள்ள காரைதீவுக்கும் (இன்றைய காரைநகர்) நடுவே உள்ள வாயிலினூடாகவே கடனீரேரிக்குள் நுழைய வேண்டும். கோட்டை அமைந்துள்ள சிறு தீவு இவ்வாயிலின் நடுவில் உள்ளது. அங்கே நிறுத்தப்படும் பீரங்கிகள் இரு கரைகளையும், இடையே செல்லும் கப்பல்களையும் ஒருங்கே கட்டுப்படுத்தும்.

ஊர்காவற்றுறை அக்காலத்தில் ஒரு முக்கியமான துறைமுகம். போர்த்துக்கீசர் இதனை யானைகளின் துறை என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் இங்கிருந்தே கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. துறை என்னும் பொருள் தரும் அவர்களது சொல்லே 'கைட்ஸ்' என்று திரிந்து இன்றும் ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயராக வழங்குகின்றது.

பெயர்

போர்த்துக்கீசர் காலத்தில் இது துறைக்கோட்டை என்னும் பொருளில் வழங்கப்பட்டது. ஹமென்ஹீல் என்பது ஒல்லாந்தர் இட்ட பெயர். இலங்கைத் தீவின் வடிவம், புகையூட்டிப் பதப்படுத்திய பன்றித் தொடையை ஒத்தது என்று அவர்கள் கருதினர். அகன்ற தென்பகுதி தொடை என்றால், ஒடுங்கிச் செல்லும் வடக்கு அதன் கால். அக்காலின் நுனியில், குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் கோட்டை இருந்ததால், 'தொடையின் குதிகால்' என்று பெயரிட்டனர். நிலப்படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கே தோன்றக்கூடிய பெயர் இது.

சுற்றியுள்ள தீவுகளுக்கும் ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இவற்றுள் டெல்ஃப்ட் மட்டுமே இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

போர்த்துக்கீசர் காலம்

1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தது. அதன் பின்னர் யாழ்ப்பாண நகரில் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டிய அவர்கள், கடல்வழியைக் காப்பதற்கு ஊர்காவற்றுறைக் கரையிலும் ஒரு கோட்டையை 1629 ஆம் ஆண்டளவில் அமைத்தனர். இது ஊறுண்டிக் கோட்டை எனப்படுகின்றது. ஆனால் கரையிலுள்ள ஒரு கோட்டையால் நீரிணையின் மறுகரையை ஒட்டிச் செல்லும் கப்பலைத் தடுப்பது கடினம். அத்துடன், கரையில் இறங்கும் படை அதனைப் பின்புறமாகத் தாக்கவும் இயலும். ஒல்லாந்தரின் அச்சுறுத்தல் வளர்ந்துவந்த நிலையில், நீரிணையின் நடுவே உள்ள திட்டில் இரண்டாவது கோட்டை எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீச ஆளுநராக இருந்த அந்தோனியோ தெ அமரல் மெனெசெஸ் என்பவர் இதனைக் கட்டுவித்ததாக பிலிப்புஸ் பால்தேயஸ் எழுதியுள்ளார். பால்தேயஸ் ஒல்லாந்தப் படையுடன் வந்த கிறித்தவ மதகுரு. பின்னர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். 1672 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது நூல், இக்கோட்டையின் தொடக்ககால நிலையை அறிய உதவும் முதன்மையான சான்றாக விளங்குகின்றது.

1658 ஆம் ஆண்டு முற்றுகை

1656 ஆம் ஆண்டில் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறினர். யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டு வெல்வதற்கு, அதற்குக் கடல்வழியே உதவி வந்துசேராமல் தடுக்கவேண்டும். எனவே பெரிய கோட்டை சரணடைவதற்கு முன்பே கடற்கோட்டை குறிவைக்கப்பட்டது.

முற்றுகை இரண்டு வாரங்கள் அளவே நீடித்தது. கோட்டையில் இருந்த போர்த்துக்கீசர், குடிநீரை மரத்தாலான கொள்கலன்களிலேயே சேமித்து வைத்திருந்தனர். தீவில் நன்னீர்க் கிணறு இல்லை. கரைக்குச் சென்று நீர் கொண்டுவரும் வழியும் அடைக்கப்பட்டது. குண்டுவீச்சும் தாகமும் ஒருசேர வருத்தவே, காவற்படை சரணடைந்தது.

இங்கே பருவகாலத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். யாழ்ப்பாணப் பகுதிக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றின்போது, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களிலேயே கிடைக்கின்றது. முற்றுகை நடந்ததோ அதற்குப் பிந்திய வறண்ட மாதங்களில். தீர்ந்த நீரை மழையால் நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஏறத்தாழ மூன்று மாத முற்றுகைக்குப் பின் யாழ்ப்பாணக் கோட்டை 1658 சூன் மாதத்தில் சரணடைந்தது. அடுத்த மாதம் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. இலங்கையில் போர்த்துக்கீசர் ஆட்சி இத்துடன் முடிவுக்கு வந்தது.

ஒல்லாந்தர் செய்த மாற்றங்கள்

கைப்பற்றிய கோட்டையை ஆராய்ந்த ஒல்லாந்தர், வெளியே வலிமையாகத் தோன்றிய அக்கட்டடத்தில் பல குறைகளைக் கண்டனர். கடலலைகள் அடித்தளத்தின் கீழிருந்த மணலை அரித்து, சுவரின் அடியைக் குடைந்திருந்தன. இதனைத் தடுக்க அலைகளை உடைக்கும் கல்லணை ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளறைகளின் கூரை மர உத்திரங்களின்மேல் நின்றது. மேலே பீரங்கிகளின் பாரத்தையும் அவை சுடும்போது ஏற்படும் அதிர்வையும் தாங்க அது போதாது என்பதால், அதனை நீக்கிவிட்டுக் கல்லாலான வளைவுக் கூரைகளைக் கட்டினர். மூன்றாவதாக, மரக் கொள்கலன்களுக்குப் பதிலாகப் பெரிய நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டினர். முற்றுகையிட்டவர்களே உரிமையாளர்களானபோது, தாங்கள் பயன்படுத்திக்கொண்ட ஓட்டையையே முதலில் அடைத்தனர் எனலாம்.

1680 ஆம் ஆண்டில் கோட்டை மேலும் திருத்திக் கட்டப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோண வடிவில் புதிதாக அமைக்கப்பட்டதும் ஏறத்தாழ இக்காலத்திலேயே. ஆயினும் இத்தனை ஏற்பாடுகளும் மற்றொரு முற்றுகையில் சோதிக்கப்படவில்லை. 1795 செப்டம்பரில் பிரித்தானியர் வந்தபோது யாழ்ப்பாணம் போரின்றியே கைமாறியது. கடற்கோட்டையும் அதனுடன் சென்றது.

கட்டடக்கலை

கோட்டையின் தள அமைப்பு ஏறத்தாழ எண்கோண வடிவினது. தீவின் பரப்பில் பெரும்பகுதியைக் கோட்டையே நிரப்பியுள்ளதால், சுவர்கள் நீரிலிருந்து நேரே எழுவதுபோல் தோன்றும். நிலக்கோட்டைகளில் காணப்படும் அகழி, வெளிமதில், முன்னரண் முதலியவை இங்கே இல்லை. கடலே அகழி ஆனதால் அவற்றுக்குத் தேவையும் இருக்கவில்லை. நடுவில் திறந்த முற்றமும், அதைச் சூழ மதிலின் உட்புறத்தை ஒட்டி வளைவுக் கூரை கொண்ட அறைகளும் உள்ளன. இவ்வறைகளின் மேற்தளமே பீரங்கி மேடையாகப் பயன்பட்டது. ஒரே கூரை கீழே தங்குமிடத்தையும் மேலே போர்த்தளத்தையும் தருவது, இடம் குறுகிய தீவுக் கோட்டைக்கு ஏற்ற சிக்கனமான தீர்வாகும். ஒல்லாந்தர் கூரையின் வலிமையில் இவ்வளவு அக்கறை காட்டியதன் காரணம் இதிலிருந்து புலப்படும்.

சுவர்கள் முருகைக்கல்லால் ஆனவை. யாழ்ப்பாணக் கரையோரங்களில் எளிதாகக் கிடைக்கும் இக்கல் இலேசானது. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட உலர்ந்து இறுகுவது. இதையே சூளையில் சுட்டால் சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பும் கிடைக்கும். துளைகள் நிறைந்தது என்பதால் பீரங்கிக் குண்டு பட்டால் கருங்கல்லைப் போலச் சிதறித் தெறிக்காமல் அவ்விடத்திலேயே நொறுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். எனினும், அதே துளைகள் வழியே உப்புநீர் உட்புகுந்து, உலர்ந்து, பூச்சை உதிர்த்துவிடும். கடலோர முருகைக்கல் கட்டடங்கள் அடிக்கடி சுண்ணாம்புப் பூச்சை வேண்டி நிற்பதற்கு இதுவே காரணம்.

பூதத்தம்பி கதை

ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கிய 1658 ஆம் ஆண்டிலேயே, அவர்களைக் கொல்வதற்கான சதி ஒன்று வெளிப்பட்டதாகக் கூறிப் பலர் யாழ்ப்பாணத்தில் தண்டிக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்து மரபுக் கதை இதனை வேறுவிதமாகச் சொல்கின்றது. ஒல்லாந்தரிடம் உயர்பதவியில் இருந்த பூதத்தம்பி முதலியாரின் மனைவி அழகவல்லிமீது, அவருடன் பணியாற்றிய அந்திராசி என்பவன் இச்சை கொண்டான். அவள் அவனை இழிவுபடுத்தித் திருப்பி அனுப்பினாள். பழிவாங்க எண்ணிய அந்திராசி, கடற்கோட்டை வேலைக்கு மரம் பெறுவதற்கான ஓலை என்று சொல்லிப் பூதத்தம்பியிடம் கையொப்பம் வாங்கி, அதையே ஒல்லாந்தருக்கு எதிரான கடிதமாக மாற்றினான். பூதத்தம்பி கொல்லப்பட்டான் என்பது கதை.

அந்திராசி கற்பனைப் பாத்திரம் அல்லன். சதியை வெளிப்படுத்தியவர்களுள் தொன் மனுவேல் அந்திராதோ என்பவரை பால்தேயசும் குறிப்பிடுகின்றார். ஆனால் ஒல்லாந்தரின் குறிப்பில் விசுவாசமுள்ள ஊழியராக வருபவர், உள்ளூர் மரபில் வஞ்சகனாகிறார். எது உண்மை என்று தீர்ப்பதைவிட, ஒரே நிகழ்வை ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒல்லாந்தர் இட்ட பெயருக்குப் பதிலாக மக்கள் கோட்டைக்குப் பூதத்தம்பியின் பெயரை வழங்கிவருவதும் குறிப்பிடத்தக்கது.

சிறையும் மருத்துவமனையும்

பிரித்தானியர் காலத்தில் கோட்டையின் போர் முக்கியத்துவம் குறைந்தது. எதிரி உள்ளே நுழையாமல் தடுக்கும் கடல், உள்ளே இருப்பவர் தப்பிச் செல்லாமலும் தடுக்கும் என்பதால், அது சிறையாக்கப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொற்றுநோயாளர்களைத் தனிமைப்படுத்தும் மருத்துவமனையாகவும் இயங்கியது. 1971 ஆம் ஆண்டில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சியை அடுத்துக் கைதானவர்கள் இங்கே அடைக்கப்பட்டனர். அவ்வியக்கத்தின் தலைவர் ரோகண விஜேவீரவும் இங்கு வைக்கப்பட்டவர்களுள் ஒருவர். தெற்கில் கைதானவர்களை நாட்டின் வடகோடியில், கடலின் நடுவே வைப்பது அரசுக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றியது.

பிற தீவுக் கோட்டைகளுடன் ஒப்பீடு

நீரை அரணாகக் கொண்ட கோட்டைகள் பல நாடுகளில் உண்டு. உருசியாவில் இலடோகா ஏரியில் இருந்து நேவா ஆறு வெளியேறும் இடத்தில் உள்ள சிலிசெல்பர்க் கோட்டை, ஹமென்ஹீலைப் போலவே ஒரு நீர்வழியின் வாயிலை அடைத்து நிற்பது. 1323 ஆம் ஆண்டில் நோவ்கோரத் அரசால் நிறுவப்பட்ட இது, 'சிறு கொட்டை' என்னும் பொருளில் ஒரேசெக் எனப்பட்டது. 17 ஆம் நூற்றாண்டில் சுவீடனிடம் இருந்த கோட்டையை 1702 ஆம் ஆண்டில், இதுவும் ஏறத்தாழ இரண்டு வார முற்றுகையின் பின், முதலாம் பீட்டர் மீட்டார். 'திறவுகோல் கோட்டை' என்று பெயர் மாற்றியவரும் அவரே. அதுவும் பின்னாளில் அரசியல் கைதிகளின் சிறையானது. லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உலியானவ் 1887 ஆம் ஆண்டில் அங்கேயே தூக்கிலிடப்பட்டார். இரு கோட்டைகளின் வாழ்க்கையும் இவ்வாறு ஒத்துச்சென்றாலும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சிலிசெல்பர்க்கைச் சூழ்ந்திருப்பது ஆற்றுநீர். அங்கே காவற்படை தாகத்தால் சரணடைய வேண்டிய நிலை எழாது.

உப்புநீர் நடுவே உள்ள கோட்டைகளுக்கு இந்தியாவின் மேற்குக் கடற்கரை பொருத்தமான எடுத்துக்காட்டு. மராட்டியர் பலமுறை முயன்றும் பிடிக்க முடியாத சஞ்சீராக் கோட்டையினுள் பெரிய நன்னீர்க் குளங்கள் உள்ளன. சிவாஜி 1664 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க்கத்தில் நன்னீர்க் கிணறுகள் உள்ளன. 1658 ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையில் இல்லாமற் போனது இந்த வசதியே.

இன்றைய நிலை

உள்நாட்டுப் போரின்போது யாழ்ப்பாணக் கோட்டை, 1990 ஆம் ஆண்டு முற்றுகையிலும் பின்னரும் பெருஞ்சேதம் அடைந்தது. கடற்கோட்டையோ பெரும்பாலும் முழுமையாகவே எஞ்சியுள்ளது. காரைநகரில் இலங்கைக் கடற்படையின் தளம் அமைந்திருப்பதால், கோட்டையும் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின், கடற்படை இதனை ஓர் உல்லாச விடுதியின் பகுதியாக மாற்றியது. முன்னர் கைதிகள் இருந்த அறைகளில் இப்போது விருந்தினர் தங்குகின்றனர். கட்டடம் பராமரிக்கப்படுவதற்கு இது உதவியுள்ளது. ஆனால் ஒரு தொல்லியற் சின்னத்தை உள்ளே சென்று காண்பதற்கு விடுதியின் படகையே நம்பவேண்டியிருப்பது, மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் குறையே.

வெளியிலிருந்து பார்க்க விரும்புவோர் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே செல்லும் பயணப் படகில் ஏறினால் போதும். கரையில் உள்ள ஊறுண்டிக் கோட்டைக்கு இந்த அளவு கவனிப்பும் கிடைக்கவில்லை. ஒல்லாந்தர் கைவிட்ட அக்கோட்டையின் இடிந்த முருகைக்கற் சுவர்கள் புதர்களுக்கிடையே காணப்படுகின்றன.