மன்றாட்டும் மண்ணுரிமையும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இந்நாளில், நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறோம். சமயத்தார் வறியோர்க்குச் சோறிட்ட கதைகள் பல உண்டு. அவர்கள் அரசின் கதவைத் தட்டி, ‘இம்மக்கட்கு நிலம் கொடுங்கள், பள்ளி கொடுங்கள்’ என்று கேட்ட கதைகளோ மிகச் சில. அவற்றுள் பஞ்சமி நில வரலாறு தலையாயது.

செங்கற்பட்டில் எழுந்த குரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டத்து நிலம் பெரும்பாலும் மிராசுதாரர் கையில் இருந்தது. ஊரில் தரிசு கிடக்கும் நிலத்தை உழைப்பாளி மனுச் செய்து கேட்டாலும், அதனை முதலில் பெறும் உரிமை மிராசுதாரர்க்கே இருந்தது. குடிசை நின்ற மனையும் நம்மவர்க்குச் சொந்தமன்று. ஆண்டையை எதிர்த்தவன் வேலையையும் வீட்டையும் ஒருநாளில் இழக்க நேரும். இந்நிலையில் கூலியை உயர்த்திக் கேட்பது எங்ஙனம்?

செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரு என்னும் ஸ்காட்லாந்து சபைப் பாதிரியாரும், திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கௌடி என்னும் வெஸ்லியன் சபைப் பாதிரியாரும் இக்கொடுமையை நேரில் கண்டனர். தருமத்தால் ஒருவேளைப் பசி தீருமேயன்றி அடிமைத்தனம் தீராது என்பதை உணர்ந்தனர். ஆகவே அரசுக்கு எழுதினர். அவர்கட்குச் சமய நோக்கமும் இருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் எடுத்துரைத்த நிலைமை உண்மையானது.

அதிகாரிகளுள் பலர் அக்குரலை ஏற்கவில்லை. ஆனால் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர், 1891ஆம் ஆண்டு அக்டோபரில் விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். நிலம், குடியிருப்பு மனை, கல்வி ஆகியவை இம்மக்கட்கு வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் மலையில் எழுந்த குரல்

பாதிரிமார் மட்டுமே நமக்காகப் பேசினர் என்று எண்ணுவது பிழையாகும். அதே 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில், நம் மேட்டுப்பாளையத்திற்கு மேலே உள்ள உதகையில், அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். மலை இரயில் குன்னூர் சென்றது 1899இல்தான். அதற்குமுன் சமவெளியிலிருந்து இரயிலில் வந்தோர் நம் ஊரில் இறங்கியே மலைப்பாதை ஏற வேண்டும். கல்வி, நிலம், பொது நீர்நிலைகளில் உரிமை முதலிய கோரிக்கைகள் அம்மாநாட்டில் தீர்மானங்களாயின.

பண்டிதர் முன்னர் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நடத்தியவர். 1898இல் பௌத்தம் தழுவியவர். அவர் நெறி வேறு, பாதிரிமார் நெறி வேறு. எனினும் அரசிடம் கேட்ட பொருள் ஒன்றே. கோவையில் கல்வி கற்ற இரட்டைமலை சீனிவாசனாரும் 1891இல் சென்னையில் சபை நிறுவி நம்மவர் உரிமைக்கு உழைத்தார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ஆணையும் அனுபவமும்

1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு 1010, 1010-ஏ எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்கட்கு நிலம் ஒதுக்கும் வழி அதனால் பிறந்தது. ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்றலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது. இவை அதன் நிபந்தனைகள்.

ஆயினும் கடனுக்கும் கைரேகைக்கும் அந்நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. நிபந்தனை ஏட்டில் இருந்தது, அதை வாசிக்கும் எழுத்தறிவோ நம் வீட்டில் இல்லை. 1994 அக்டோபர் 10ஆம் நாள், செங்கற்பட்டுச் சீமையின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஆணை பிறந்து நூறாண்டு கடந்தும் நிலம் கேட்டவர்க்குக் கிடைத்தது குண்டு.

தூரத்துச் செய்தி என்று நாம் இதைத் தள்ளிவிட இயலாது. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், நம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழ, உறங்கிக்கொண்டிருந்த நம்மவர் 17 பேர் மாண்டனர். பாதுகாப்பான குடியிருப்பு என்பது 1891இல் மட்டும் எழுந்த கோரிக்கையன்று. இன்றும் அது நம் கோரிக்கையே.

இளைஞர்க்கு ஒரு சொல்

யூபிலி என்னும் சொல் விவிலியத்தில் ஐம்பதாம் ஆண்டைக் குறிக்கும். விற்றுப்போன நிலம் அவ்வாண்டில் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பது அதன் விதி. அவ்விதியை நினைவூட்டியே 1998இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பல்லாயிரவர் கைகோர்த்து நின்று, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு வல்லரசுகளைக் கேட்டனர்.

இளைஞர்களே! இரக்கம் மன்றாட்டாயிற்று, மன்றாட்டு ஆணையாயிற்று. ஆணை நிலமாக நம் கையில் நிலைப்பதற்குக் கல்வி வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். பாட்டன் கைரேகை வைத்த இடத்தில் பேரன் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். நம் சங்கம் பொன்விழாக் காணும் ஐம்பதாம் ஆண்டிற்குள், ஒரு குடும்பத்தின் நிலமேனும் நம் பிள்ளைகளின் முயற்சியால் மீளுமாயின், இச்சங்கம் தோன்றியதன் பயன் அதுவே ஆகும்.