பற்றாக்குறை வளர்த்த கைத்திறன்

ஒஸ்லோக்காரர்கள் ஒரு காலத்தில் பழைய காரைப் பழுதுபார்த்தே ஓட்டியதையும், கறியை மணிக்கணக்கில் மெல்ல வேகவிடுவதையும் வடநாட்டாரின் பிறவிப் பொறுமை என்று சொல்லிவிடலாம். வரலாறு காட்டும் காரணம் வேறு: பற்றாக்குறை. 1940 முதல் 1945 வரை, நார்வே ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, பெட்ரோல் அரிதானது. காரில் ஒரு கலனைப் பொருத்தி, சிறு விறகுத் துண்டுகளை அரைகுறையாக எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். போர் முடிந்தும் நிலைமை மாறவில்லை. அந்நியச் செலாவணியைக் காக்க, புதிய கார் வாங்குவோருக்கு அரசு விதித்த கட்டுப்பாடு 1960 அக்டோபர் வரை நீடித்தது. ஆகவே பலர் பழைய வண்டியையே பிரித்துப் பூட்டி ஓட்ட வேண்டியிருந்தது.

அடுப்படியிலும் இதே கதைதான். கொதித்த பானையை வைக்கோல் திணித்த பெட்டிக்குள் மூடிவைத்தால் அடங்கிய சூட்டிலேயே உள்ளிருப்பது வெந்துவிடும். வெப்பம் காக்கும் இத்தகைய பெட்டி 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேயின் பெயரிலேயே காட்டப்பட்டது. போர்க்காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தவும் அது கைகொடுத்தது. தட்டுப்பாடு நீங்கிய பிறகும் ஆட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் சேர்ந்து மெல்ல வேகும் ஃபோரிகோல் நிலைத்திருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எலும்போடு கூடிய கடின இறைச்சி நிதானமாக வெந்தால்தான் இளகும். அங்கே தேவை போனாலும் ருசி நின்றது. கார் விஷயத்தில் அப்படி இல்லை: கட்டுப்பாடு விலகியதும் புதிய வண்டிகள் வேகமாகப் பெருகின. பிறவிப் பொறுமைதான் காரணமென்றால் அந்த அவசரத்துக்கு விளக்கம் இல்லை.