ஓநாயும் நடுவரும்: கிளாடியேட்டர்ஸ் மீண்டு வந்த கதை

1992 அக்டோபர் 10 அன்று பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய ‘கிளாடியேட்டர்ஸ்’ அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அதன் வேர் பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் இருந்தது. பர்மிங்காம் உள்ளரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்ய, சாதாரண வேலை பார்க்கும் போட்டியாளர்கள் பட்டப்பெயர் சூடிய மல்லர்களோடு மோதினார்கள். உயர்ந்த மேடைகளில் நின்று பஞ்சு பொதிந்த தடிகளால் அடித்துக்கொள்வது ஒரு சுற்று. வளையங்களைப் பற்றித் தொங்கியபடி கடப்பது இன்னொன்று. புள்ளி வித்தியாசம் ஒவ்வொன்றும் இறுதி ஓட்டத்தில் அரை நொடி முன்கிளம்பும் சலுகையாக மாறும். அந்த ஓட்டத்தின் முடிவில்தான் டிராவலேட்டர் காத்திருக்கும். சரிவாக நிறுத்திய ராட்சத டிரெட்மில் அது. பட்டை கீழ்நோக்கி உருள, ஓடுபவர் மேலே ஏற வேண்டும். பாதி ஏறி, கால் துவண்டு, குப்புற விழுந்து அடிவாரத்துக்கே திரும்பியவர்கள் ஏராளம்.

நிகழ்ச்சியின் உயிர் ‘வுல்ஃப்’. மைக்கேல் வான் விக் என்ற இந்த மல்லர் நாற்பதை ஒட்டிய வயதில் களமிறங்கினார். நீண்ட முடி, உறுமல், தோற்றால் ரகளை. நல்லவர்கள் நிரம்பிய மேடையில் கூட்டம் கூச்சலிட்டுத் திட்டுவதற்கென்றே ஒருவர் வேண்டியிருந்தது. நம்பியாரைத் திட்டித் தீர்த்த திரையரங்குகளுக்கு இது புரியும்.

வுல்ஃபை அடக்கியவர் நடுவர் ஜான் ஆண்டர்சன். கிளாஸ்கோக்காரரான இவர் அசலான தடகளப் பயிற்சியாளர். 1982இல் ஆஸ்லோவில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 0.41 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் மூர்க்ராஃப்ட் இவருடைய சீடர். இவ்வளவு பெரிய ஆசான், வேடமிட்ட ஓநாயை உண்மையான குற்றவாளியைக் கண்டிப்பதுபோல் முறைத்து எச்சரிப்பார். முகத்தில் துளி சிரிப்பு இருக்காது. விளையாட்டு வேடிக்கையாகச் சரியாமல் காத்தது அந்த முகம்தான். 2024 ஜூலையில், 92 வயதில் அவர் காலமானார்.

2000 ஜனவரி 1 அன்று நிகழ்ச்சி முடிந்தது. அமெரிக்காவில் ஹல்க் ஹோகன் தொகுத்த மறுபிறவி 2008இல் எடுபட, அதே ஆண்டு ஸ்கை ஒன் பிரிட்டனிலும் அதை எழுப்பியது. முதல் பருவத்துக்கு ஆண்டர்சனே நடுவராக வந்தும் இரண்டு ஆண்டுகளில் கடை மூடியது. குடும்பமே கூடிப் பார்க்கும் சனிக்கிழமை மாலைக் கூத்தைக் கட்டணச் சேனலில் பூட்டியது மடமை.

பிபிசி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 2024 ஜனவரி 13 அன்று ஷெஃபீல்டு அரங்கிலிருந்து வந்த முதல் பகுதியை 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். தொகுத்தவர்கள் பிராட்லி வால்ஷும் மகன் பார்னியும். யூரோ 2016 இறுதிப் போட்டியின் நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் விசிலைக் கையிலெடுத்தார். மல்லர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்: ‘ஃபயர்’ என்ற மான்டெல் டக்ளஸ் கோடைக்கால, குளிர்கால ஒலிம்பிக் இரண்டிலும் பங்கேற்ற முதல் பிரிட்டிஷ் பெண், ‘ஃப்யூரி’ என்ற ஜோடி ஔன்ஸ்லி காது கேளாத ரக்பி வீராங்கனை. வில்லன் நாற்காலி ‘வைப்பர்’ வசம் போனது. அவர் பேசுவதில்லை, முறைப்பதோடு சரி. வாயாடி ஓநாயின் இடத்தை அது முழுதாக நிரப்பவில்லை. ஆனாலும் 2025 ஜனவரியில் இரண்டாம் பருவம் வந்துவிட்டது.