ஙகர ஒற்றும் ஊர்ப்பெயரும்: கம்போங் ராஜாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபகுதியில், தேயிலைத் தோட்டங்களை அடுத்து அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. இவ்வூர்ப்பெயரின் முதற்சொல்லும் மாநிலத்தின் பெயரும் ஙகர ஒற்றில் முடிகின்றன. சொல்லின் இறுதியில் வருவனவாகத் தொல்காப்பியம் கூறும் பதினொரு மெய்களுள் ஙகரம் இல்லை. நன்னூலும் அதனை ஏற்கவில்லை. சொல்லிறுதியில் ஙகரம் வாராது எனக் கற்பிக்கும் ஆசிரியரே மாணவரின் முகவரியில் அதனை எழுத வேண்டியுள்ளது. இம்முரண் இலக்கண வழுவா, வழக்கின் வளர்ச்சியா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வொலியை எழுதும் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. துருக்கிய மொழிகளிலும் இவ்வொலி உண்டு. எட்டாம் நூற்றாண்டு ஓர்கோன் கல்வெட்டுகளில் இதற்குத் தனி எழுத்தே இருந்தது. இலத்தீன் நெடுங்கணக்கில் அத்தகைய எழுத்து இல்லை. 1926இல் பாக்கு நகரில் கூடிய துருக்கியியல் மாநாட்டை அடுத்துச் சோவியத் ஒன்றியத்தில் பரவிய புதிய இலத்தீன் நெடுங்கணக்கு, ‘என்’ எழுத்தின் காலில் சிறு கொக்கியிட்டுப் புதிய எழுத்தொன்றைப் படைத்துக்கொண்டது. 1940க்குள் அரசு சிரில்லிய எழுத்தைப் புகுத்தவே, அவ்வெழுத்து வழக்கிழந்தது. கணினிக்கான ஒருங்குறியில் அது இடம்பெற்றது 2010இல்தான். துருக்கி நாட்டின் 1928ஆம் ஆண்டுச் சட்டமோ இவ்வொலிக்குத் தனி எழுத்தே வகுக்கவில்லை. உஸ்பெக் மொழிக்கு 1993இல் வகுக்கப்பட்ட தனி எழுத்து, 1995இல் நீக்கப்பட்டு ஈரெழுத்துக் கூட்டாயிற்று. 2024 செப்டம்பரில் பாக்குவில் உடன்பாடு காணப்பட்ட 34 எழுத்துப் பொது நெடுங்கணக்கில், ‘என்’ மேல் அலைக்கோடிட்ட வடிவம் மீண்டும் இடம்பெற்றுள்ளது. ஆக, ஓர் எழுத்தின் பிறப்பும் மறைவும் அங்கு அரசாணையின்பாற்பட்டவையாயின.

மலாய் மொழியின் வரலாறு வேறு. அரபு வழிவந்த ஜாவி எழுத்தில் மூன்று புள்ளியிட்ட தனி எழுத்து இவ்வொலியைக் குறித்தது. ரூமி எழுத்தில் அதன் இடத்தை ‘என்’, ‘ஜி’ என்னும் ஈரெழுத்துக் கூட்டு பெற்றது. 1972 ஆகஸ்டு 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் அறிவித்த பொது எழுத்துச் சீர்திருத்தத்தின்வழிக் ‘கம்போங்’ என்பதன் ஓகாரம் ரூமியில் உகரமாயிற்று. தமிழ் எழுத்து வழக்கு ஓகாரத்தை இன்றும் விடவில்லை. சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவத்தின் தடயம் தமிழில் எஞ்சியுள்ளது எனலாம்.

தமிழரோ புதிய எழுத்தை ஆக்க வேண்டிய தேவையில்லாதவர். எழுத்து உண்டு, அதற்குச் சொல்லிறுதியில் இடமில்லை என்பதே சிக்கல். மலாய்ப் பெயர்களைத் தமிழர் ஆண்ட முறையில் நான்கு வழிகளைக் காணலாம். பினாங்கு என்பதில் இறுதியில் குற்றியலுகரம் சேர்ந்தது. கிள்ளான் என்பதில் ஙகரம் னகரமாயிற்று. சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல் மக்கள் வழக்கில் ‘கம்பம்’ என மகர ஈறு பெற்றது. பகாங், காஜாங், கம்போங் ராஜா ஆகியவற்றில் ஒலி மாறாமல் நின்றது.

முதல் மூன்றும் இலக்கணம் பயின்றோர் வகுத்தவையல்ல எனக் கருத இடமுண்டு. அவற்றில் செவியும் நாவும் செயற்பட்டுள்ளன. ‘கம்பத்து வீடு’ என்று அத்துச் சாரியை பெறும் அளவிற்கு அச்சொல் தமிழ்ப் பெயராகவே ஆகிவிட்டது. நான்காம் வழியிலும் இலக்கணம் முற்றாகத் தோற்றுவிடவில்லை. பகாங் என எழுதுவோர் வேற்றுமை உருபு சேர்க்கும்போது ‘பகாங்கில்’ என்றே எழுதுகின்றனர். ‘பினாங்கில்’ என்பதோடு இது ஒத்திருத்தல் காண்க. எழுவாய் வடிவில் விலகிய விதி, உருபேற்கும்போது மீண்டு வருகின்றது.

எனவே ‘கம்பம்’ என எழுதும் மாணவரையோ ‘கம்போங்’ என எழுதும் மாணவரையோ பிழை செய்தவராகக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னது தோட்டத் தமிழர் கேட்டுத் தமிழாக்கிய வடிவம். பின்னது ஊரின் பெயரை அதன் ஒலியோடு மதிக்கும் வடிவம். ஒருமைப்பாடு கருதி ஒன்றைக் களைவோமாயின், இம்மண்ணில் தமிழர் வாழ்ந்த வரலாற்றின் எழுத்துச் சான்றொன்றையும் களைந்தவராவோம். துருக்கிய மக்கள் ஆணைகளால் இழந்து மீட்க முயன்றதை, நாம் எந்த ஆணையுமின்றி வகுப்பறையில் இழந்துவிடுதல் கூடாது.