கித்தான் பையில் பழுத்த வெள்ளி

வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப்போனால் விபூதியிட்டுத் துலக்கி, அதன் வெண்மையை மீட்டெடுத்த பிறகே பூஜையறையில் வைக்கும் வழக்கமுடைய நமக்கு, அதே கறுப்பின் ஆரம்பப் பருவங்களை ஆராதித்து, அவற்றுக்காக வெள்ளியின் விலையைப்போல் பன்மடங்கு திரவியம் செலவிடும் ஒரு கூட்டத்தார் உலகில் உண்டென்பது விநோதமாகவே தோன்றும். அமெரிக்க தேசத்தில் பழைய நாணயங்களைச் சேகரிப்போர் நடுவில், மார்கன் டாலர் என்னும் வெள்ளிக் காசு குறையற்ற வெண்மையோடு கிடைத்தால் ஒரு விலை. அதே ஆண்டில் அடிக்கப்பட்ட அதே தரத்துக் காசு, மஞ்சளும் செம்மையும் நீலமும் விளிம்பிலிருந்து பிறைபிறையாகப் படர்ந்த கோலத்தில் கிடைத்தால் அதனினும் பல மடங்கு விலை. அந்த வர்ணம் காலக்கிரமத்தில் தானாகப் படிந்ததா, யாரோ ஒருவன் இலாபத்தை உத்தேசித்து ஏற்றியதா என்பது அவர்களுக்குள் பல்லாண்டுகளாகத் தீராமல் நடந்துவரும் வழக்கு.

அந்தக் காசின் பிறப்பே ஓர் அரசியல் பிடிவாதத்தின் பலன். 1859-ல் நெவாடாப் பிரதேசத்தில் காம்ஸ்டாக் என்னும் மாபெரும் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து வெள்ளி பெருகி, 1873-ல் இயற்றிய சட்டத்தால் வெள்ளி டாலருக்கு நாணயச்சாலையில் இடமில்லாமற்போக, சுரங்க முதலாளிகளும் கடனில் மூழ்கிய விவசாயிகளும் ஒன்றுகூடி எழுப்பிய கூக்குரலின் விளைவாக, 1878 பிப்ரவரி 28-ஆம் தேதி, ஜனாதிபதி ஹேய்ஸின் நிராகரிப்பையும் மீறி, பிளாண்ட்-அல்லிசன் சட்டம் நிறைவேறிற்று. மாதந்தோறும் 20 லட்சம் டாலருக்குக் குறையாமலும் 40 லட்சத்துக்கு மேற்படாமலும் சர்க்கார் வெள்ளியை வாங்கி நாணயமாக அடித்தே தீரவேண்டும் என்பது அதன் விதி. இங்கிலாந்திலிருந்து 1876-ல் வந்து பிலடெல்பியா நாணயச்சாலையில் அமர்ந்த ஜார்ஜ் மார்கன் என்னும் சிற்பி வெட்டிய சுதந்திர தேவியின் முகம் அந்தக் காசின் ஒரு புறத்திலும், கழுகு மறுபுறத்திலும் பொறிக்கப்பட்டன.

காசு உண்டாயிற்றே தவிர, அதைச் சட்டைப்பையில் சுமந்து திரிய ஜனங்கள் விரும்பவில்லை. ஒன்றரை அங்குல விட்டமும் 26.73 கிராம் எடையும் கொண்ட அந்த வட்டை, மேற்குப் பிரதேசங்களிலன்றி மற்ற இடங்களில் ஒரு பாரமாகவே கருதப்பட்டது. அதற்குப் பதிலாகச் சர்க்கார் வெளியிட்ட வெள்ளிச் சான்றுத்தாள்களே கைமாறின. ஆகையால் 1878 முதல் 1904 வரையில் அடிக்கப்பட்ட 50 கோடிக்கும் மேற்பட்ட டாலர்களில் பெரும்பகுதி, ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு, கஜானாவின் நிலவறைகளிலும் வங்கிகளின் பாதுகாப்பறைகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உறங்கலாயிற்று. பை ஒன்றின் எடை ஏறக்குறைய 27 கிலோ. சட்டத்தைத் திருப்தி செய்வதற்காகவே அடித்து, அடித்தவுடன் இருட்டில் அடைத்து, அடைத்ததைக் காப்பதற்கு மேலும் நிலவறைகள் கட்டிய இந்தக் காரியத்தைப் பொருளாதார நிபுணர்கள் அசட்டுத்தனம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்த அசட்டுத்தனம் இல்லாதிருந்தால், நாம் பேசவந்த வர்ணமும் உண்டாகியிராது.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் பிராணவாயு என்று பலரும் எண்ணுவது சரியன்று. காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் கந்தக ஆவிகளே வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. அந்தக் கித்தான் துணியிலும் கந்தகத்தின் எச்சம் இருந்தது. பையின் நடுவே கிடந்த காசுகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு வெண்மை குன்றாதிருக்க, துணியின் ஓரமாக ஒட்டிக்கிடந்த காசுகளின் ஒரு புறம்மட்டும் ஆண்டுக்கணக்கில் அந்த ஆவியை உறிஞ்சிற்று. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் தம்முள் கூடியும் குலைந்தும் பிரதிபலிப்பதால், கண்ணுக்கு நிறம் தோன்றுகிறது. மழைக்காலத்துத் தெருவில் தேங்கிய நீரின்மேல் எண்ணெய் படர்ந்தால் தோன்றும் நிறங்களுக்கும் இதுவே காரணம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் வரும் சில கூறுகளே இந்தப் படலத்தின் கனம். கனம் கூடக்கூட நிறமும் ஒரு நியதிப்படி மாறிச்செல்லும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பொன்னிறம், செம்மை, ஊதா கலந்த நீலம், வெளிறிய நீலம்; அப்பால் மீண்டும் ஒரு சுற்று மஞ்சளும் செம்மையும்; பச்சை அதற்கும் பிந்தியது; கடைசியில் நாம் விபூதியிட்டுத் துலக்கும் கறுப்பு. ஒரு காசின்மேல் மற்றொரு காசு பாதி மறைத்துக் கிடந்தால், மறைந்த பாகம் வெண்மையாகவும் மறையாத பாகம் பிறைவடிவ வர்ணமாகவும் நிற்கும். துணியின் ஊடும் பாவும் அப்படியே காசின்மேல் பதிந்து, நெசவின் கட்டங்கள் தெளிவாகத் தெரியும் டாலர்களும் உண்டு. சேகரிப்போர் அவற்றைக் கண்டால் விடுவதில்லை.

இந்த உறக்கத்தின் இடையே நேர்ந்த ஒரு சம்பவம் நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டது. முதல் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், இந்தியாவில் காகித நோட்டுகளைக் கொண்டுவந்து வெள்ளி ரூபாய் கேட்கும் ஜனத்திரளைச் சமாளிக்கமுடியாமல் ஆங்கிலேய சர்க்கார் தவித்தது. கையிருப்பு வெள்ளி வற்றிக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய்க்கே நோட்டு அச்சிடும் நிலை 1917-ன் இறுதியில் வந்துவிட்டது. அச்சமயம் அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டத்தை இயற்றி, 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கிற்று. அவற்றுள் ஏறக்குறைய 26 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய நாணயத்துக்கென்று கப்பலேறிற்று. நம் பாட்டிமார் பெட்டியடியில் முடிந்துவைத்திருந்த ஜார்ஜ் மன்னர் ரூபாய்களில் சில, கித்தான் பையில் கிடந்த டாலர்களின் மறுஜன்மமாகவும் இருக்கக்கூடும். எந்த ஆண்டின், எந்த நாணயச்சாலையின் காசுகள் உருகின என்று கணக்கு வைப்பார் இல்லை. ஆகவே எந்தக் காசு அபூர்வம், எது மலிவு என்பது அதன்பின் ஊகத்தின் காரியமாயிற்று.

அந்த ஊகம் 1962-ன் இறுதியில் உடைந்தது. பண்டிகைக் காலத் தேவைக்காக, 1929 முதல் முத்திரையிட்டிருந்த பிலடெல்பியா நிலவறையொன்றைத் திறந்தபோது, உருகித் தொலைந்தது என்றே எல்லோரும் நம்பியிருந்த 1903-ஆம் ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ் டாலர் பைபையாக வெளிவந்தது. அபூர்வம் என்று பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் அதன் விலை சரிவதைக் கண்டார்கள். செய்தி பரவியதும் வாஷிங்டனில் கஜானாவின் வாசலில் ஜனங்கள் சான்றுத்தாளும் கையுமாக வரிசையில் நின்றனர். சிலர் தள்ளுவண்டியில் பைகளை ஏற்றிச் சென்றனர். 1964 மார்ச் மாதத்தில் கொடுப்பது நிறுத்தப்பட்டபோது எஞ்சியவை முப்பது லட்சத்துக்குள்ளே. பெரும்பாலும் கார்ஸன் சிட்டி நாணயச்சாலையைச் சேர்ந்தவை. அவற்றையும் 1972-லிருந்து சர்க்காரே தபால்மூலம் ஏலத்துக்கு விட்டது.

இவ்வாறு வெளிவந்த பைகளின் ஓரத்துக் காசுகளை முதலில் வரவேற்றவர் சிலரே. வெண்மையே புதுமைக்கு அடையாளம் என்பது அக்கால சேகரிப்போரின் சித்தாந்தம். கறைபட்ட காசு கைக்கு வந்தால் வியாபாரி அதைத் தயோயூரியா கலந்த அமிலத்தில் ஒரு கணம் முக்கியெடுப்பான். படலம் மறைந்து வெண்மை திரும்பும். ஆனால் அமிலம் கறையோடு வெள்ளியின் மேற்பரப்பையும் ஒரு மயிரிழை தின்றுவிடுகிறது. அச்சழுத்தத்தில் உலோகம் ஓடிப் பரவியதால் உண்டான நுண்ணிய கோடுகளே, காசைச் சாய்த்துச் சுழற்றும்போது சக்கரத்தின் ஆரக்கால்போல் ஓடும் ஒளிக்குக் காரணம். நாலைந்து முறை முக்கினால் அந்தக் கோடுகள் மழுங்கி, காசு செத்த வெண்மை எய்துகிறது. இதற்கு முந்திய தலைமுறை உபயோகித்தது இன்னும் கொடிய பொருள். பிரிட்டிஷ் நாணயவியல் சங்கத்தின் தலைமைப் பதவியில் இருந்த சான்பர்ட் சால்டஸ் என்னும் அமெரிக்கச் செல்வர், 1922 ஜூன் மாதம் லண்டன் விடுதியொன்றில் தம் வெள்ளி நாணயங்களைத் துலக்குவதற்காகப் பொட்டாசியம் சயனைடு கரைத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பானக் கிளாஸையும் வைத்திருந்து, கைதவறி விஷக் கிளாஸை எடுத்துக் குடித்து மாண்டார். வெண்மையின்மேல் கொண்ட மோகம் இவ்வளவு தூரம் போனதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பிறகு ருசி மாறிற்று. முக்கி முக்கி வெளுத்த காசுகள் மலிந்ததால், முக்கப்படாத காசு எது என்ற கேள்வி பிறந்தது. நிறம் படிந்த காசு, தன்னை யாரும் அமிலத்தில் தொடவில்லை என்பதற்குத் தன் மேனியிலேயே சான்று வைத்திருக்கிறது என்பதை அனுபவசாலிகள் உணர்ந்தனர். சான்றாக மதிக்கப்பட்டது சில காலத்துக்குப்பின் சௌந்தர்யமாகவும் மதிக்கப்பட்டது. சௌந்தர்யத்துக்கு விலை ஏறிய மாத்திரத்தில், அதை வீட்டிலேயே தயாரிப்போரும் தோன்றினர். வெள்ளித் தட்டார்கள் நகைக்குக் கருமையேற்றப் பயன்படுத்தும் கந்தகக் கலவையைத் தடவுவோர், அவித்த முட்டையின் மஞ்சட்கருவோடு மூடிவைப்போர், உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவே காசைப் புதைத்து அடுப்பிலிட்டுச் சுடுவோர், கந்தகம் கலந்த காகித உறையிலிட்டு வெயில் படும் ஜன்னலில் கிடத்துவோர் என்று அவர்களுள் பல மதஸ்தர்கள் உண்டு. மரத்திலேயே பழுத்த வாழைத்தாருக்கும் குழியில் புகைபோட்டுப் பழுக்கவைத்த தாருக்கும் தோலின் நிறத்தில் பேதமில்லை. வாயில் போட்டவனே வித்தியாசம் அறிவான். காசு விஷயத்தில் அந்த வசதியும் இல்லை. ரசாயன சாஸ்திரியிடம் கொடுத்தால் இரண்டும் வெள்ளி சல்பைடே என்று சொல்லிவிடுவார்.

ஆகவே தீர்ப்பு கண்ணிடம் வந்து சேர்ந்தது. மெதுவாகப் படிந்த நிறத்தில் அந்த வரிசை பிறழாது: வெண்மைக்கு அடுத்து மஞ்சள், மஞ்சளுக்கு அடுத்துச் செம்மை, பிறகே நீலம். வெண்மையின் விளிம்பிலேயே திடீரென்று நீலம் தொடங்கினால், அங்கே அவசரப்பட்ட கை ஒன்று இருந்திருக்கிறது என்று அனுமானிக்கலாம். தானாகப் படிந்தது எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் நெருங்குகையில், மேட்டின் மறைவில் ஆவி குறைவாகப் பட்டதனால் வேறு சாயல் காட்டும். தடவி ஏற்றியது மேடுபள்ளம் பாராமல் ஒரே சீராகப் படர்ந்து, ஆரக்கால் ஒளியையும் மூடிக்கொண்டு மேலே மிதப்பதுபோல் நிற்கும். பழைய காயங்களும் சாட்சி சொல்லும். பையில் உருண்டு காசோடு காசு மோதிய வடுக்கள் வர்ணத்தின் அடியில் இருந்தால் அவை வர்ணத்துக்கு முந்தியவை. வர்ணத்தைக் கிழித்து வெள்ளையாகத் தெரிந்தால் பிந்தியவை. கைமாறித் தேய்ந்த காசில் புதுக் காசின் வர்ணஜாலம் இருந்தால் அது தேய்வுக்குப் பிறகு வந்தது என்பது வெளிப்படை. பையை விட்டு வெளியேறி ஊர் சுற்றிய காசுக்கு அந்த நிறம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கத் தோன்றும்.

இவ்வளவு பரீட்சையும் ஒவ்வொரு வாங்குவோனாலும் இயலாதென்பதால், அதையே தொழிலாகக்கொண்ட நிலையங்கள் பிறந்தன. பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனம் 1986-லும், என்.ஜி.சி. என்பது 1987-லும் காசை ஆராய்ந்து தரம் குறித்து, உடைக்காமல் திறக்கமுடியாத பிளாஸ்டிக் பேழையில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கின. நிறம் ஏற்றப்பட்டது என்று கருதினால் தரம் குறிக்க மறுத்தன. ஆனால் 'போலி' என்று உறுதியாக எழுதத் துணியாமல், நிறம் சந்தேகத்துக்குரியது என்ற அளவிலேயே நின்றன. நாளடைவில் அந்தப் பரிசோதகர்கள், இயற்கையா செயற்கையா என்ற வினாவையே ஓரங்கட்டிவிட்டு, சந்தை ஏற்குமா ஏற்காதா என்று பேசலாயினர். இதைச் சிலர் கோழைத்தனம் என்று பழித்தாலும், எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. காசின்மேல் படலம் இருக்கிறது, அதைக் கண்ணால் காணலாம். அதை ஏற்றியவனுடைய எண்ணம் காசின்மேல் இல்லை.

எண்ணத்தைப் பற்றிய இந்தச் சங்கடம் அட்டைப் புத்தகங்களின் விஷயத்தில் முற்றிவிடுகிறது. 1930-களில் வேய்ட் ரேமண்ட் என்னும் நியூயார்க் வியாபாரி, காசுகளை வட்டத் துவாரங்களில் பொருத்தி இருபுறமும் பார்க்கும்படியான அட்டைகளை விற்றுப் பிரபலப்படுத்தினார். அந்த அட்டையிலும் கந்தகம் இருந்தது. வருஷங்கள் செல்ல, அதில் இருந்த வெள்ளிக் காசுகள் விளிம்பில் நீலமும் உள்ளே பொன்னும் நடுவில் வெண்மையுமாக வளையம் வளையமாக நிறமேறின. வைத்தவர் காசைப் பாதுகாக்கவே வைத்தார்; ஆகையால் அது இயற்கை என்று எல்லோரும் ஒப்புகிறார்கள். இன்றோ, அந்தப் பழைய அட்டைகளையே தேடி வாங்கி, வெளுத்த காசுகளை அவற்றில் பொருத்தி, பத்து வருஷம் பொறுத்திருந்து எடுப்போர் இருக்கின்றனர். அதே அட்டை, அதே கந்தகம், அதே நிதானம். வரும் வளையங்களிலும் வேற்றுமை காண்பதரிது. பொறுமையிழந்து அடுப்பை நாடுவோரைத் திருப்பியனுப்பும் பரிசோதகர்கள், பத்து வருஷம் காத்திருந்தவனுடைய காசைப் பெரும்பாலும் ஏற்றுப் பேழையில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.